கோவா இலை

வெள்ளவத்தைச் சந்தையில் நௌபர் நானா
கோவா ஒன்றைத் தட்டிப் பார்த்து
"வறைக்கா, ஃப்ரைட் ரைசுக்கா?" என்றார்.
வறைக்கு என்றேன்.
வேறு பொய் வாயில் வரவில்லை.
சட்டைக்குள் இரண்டு கல்.
இடக்கையால் பை தூக்க முடியாது,
வலக்கையாலும் முடியாது.
"வெளி இலய உரிச்சுப் போடவா?"
ஐயோ வேண்டாம், அதுதான் வேணும்.
ஒரு மாதிரிப் பார்த்தார்.
பத்து ரூபாய் குறைத்தும் விட்டார்.

பதினாறு மாதம்.
பகல் பால் முதலில் போனது, ஒருவருக்கும் நோகாமல்.
பிறகு பின்னேரப் பால்,
வேலையால் வந்து நான் செருப்புக் கழற்றுமுன்
அவன் என் பொத்தானைத் தேடுகிற பால்.
இராப் பாலைத்தான்
ஒரே வெட்டாய் வெட்டினேன்.
அதுதான் பிழை என்றா கிளினிக் மிஸ்.
"மெல்ல மெல்ல விடோணும்.
துணியால இறுக்கிக் கட்டாதேங்கோ.
நோகேக்க கொஞ்சம் பிழிஞ்சு விடுங்கோ,
நோ குறையுமட்டும்.
முழுக்க எடுத்தா
இன்னும் வேணுமாக்கும் எண்டு நினைக்கும்."
எது நினைக்கும் என்று நான் கேட்கவில்லை.

நூறாம் இலக்க பஸ். பம்பலப்பிட்டிச் சந்தி.
பின் சீட்டில் யாரோ ஒருத்தியின் பிள்ளை வீரிட்டது.
அது என்னுடையது இல்லை.
பாலுக்கு அந்த விபரம் போய்ச் சேரவில்லை.
கோப்பை மார்போடு அணைத்தபடி
கோட்டை மட்டும் நின்றுகொண்டே போனேன்.
சுங்கப் பத்திரம், மூன்று பிரதி.
மேல் பிரதியில் ஈரம்.

ஐந்தாம் மாடிக் கழிவறையில்
கண்ணாடிக்கு முதுகு காட்டிப் பிழிந்தேன்.
நோ குறையுமட்டும்.
எந்த இடத்தில் நிறுத்துவது என்பதுதான் தெரியவில்லை.
குழாயைத் திறந்ததும்
வெள்ளை ஒருமுறை சுழன்று
துவாரத்துக்குள் போனது.
முதல் மாதம்
பத்து மில்லி வரவில்லை என்று
காசல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அழுதவள் நான்.

இரேஷா உள்ளே வந்தாள், கை கழுவினாள்,
ஒன்றும் கேட்கவில்லை.
ஏசி இன்று சரியான குளிர் என்று
குழாயிடம் சொல்லிவிட்டுத்
தன் சால்வையை என் தோளில் போட்டுப் போனாள்.
அன்று ஏசி வேலை செய்யவே இல்லை.

இரவு.
குளிர்ந்த இலையைக் குசினி மேசையில் வைத்து
ரொட்டிக் கட்டையால் நடு நரம்பை நசுக்கினேன்.
உள்ளே வைத்தேன்.
மூச்சு ஒருகணம் நின்று
பிறகு நீளமாய் வெளியே வந்தது.
இரண்டு பனடோல், ஒரு கோப்பை தண்ணீர்.
பத்து மணிக்குள் இலை துவண்டு
அவிந்த கோவா மணம்
கட்டில் முழுக்க.

அழுதான், மூன்று இரவு.
நிமலன் அவனைத் தோளில் போட்டுப் பல்கனியில் நடந்தான்,
கடைசி ரயில் கடலோரமாய்ப் போகும்வரை,
போன பிறகும்.
கதவுக்கு இந்தப் பக்கம் நான்
இலையை மாற்றிக்கொண்டிருந்தேன்.

நான்காம் இரவு தண்ணி கேட்டான்.
குடித்தான்.
மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தான்.
நான்தான் விடியுமட்டும் குந்தியிருந்தேன்,
யாரோ கூப்பிடுவார்கள் என்பதுபோல.

காலையில் மடியில் ஏறி
என் கழுத்துக்குள் கைவிட்டு
இலை ஒன்றை உருவி எடுத்தான்.
பார்த்தான். மணந்தான். முகம் சுளித்தான்.
பிறகு தலையில் கவிழ்த்து
"தொப்பி" என்றான்.
அந்தச் சொல்லை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை,
"ஆர் இந்தக் கோவாவை மொட்டையடிச்சது?" என்று
நிமலன் ஃப்ரிஜ்ஜுக்குள் தலையை விட்டுக் கத்தினான்.
மிஞ்சின உருண்டையை அரிந்து
தேங்காய்ப்பூவும் மஞ்சளும் போட்டு
வறை வறுத்தேன்.
நௌபர் நானாவுக்குச் சொன்னது
பொய்யில்லை என்றாகிவிட்டது.
வறையைச் சோற்றோடு குழைத்து நாலு வாய் தின்றான்,
ஐந்தாவதைத் துப்பினான்.

வலப்பக்கம் இளகிவிட்டது.
இடப்பக்கம் ஒரு கட்டி மட்டும்,
நெல்லிக்காய் அளவு, இன்னும் போகவில்லை.
சிவப்பு இல்லை, காய்ச்சல் இல்லை.
வந்தால் உடனே வரச் சொன்னா மிஸ்,
அதுவரை பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னா.

வாய் திறந்து தூங்குகிறான்.
உதடு இடைக்கிடை
ஒன்றுமில்லாததை உறிஞ்சுகிறது.

பார்த்துக்கொண்டிருக்கிறேன்.